வெட்டிய நிலமும் வேர்கொண்ட மரமும்



விருத்தாசலம் என்றவுடன் இரண்டு காட்சிகள் நம் மனக்கண்முன் எழும். ஒன்று, மணிமுத்தாற்றின் கரையில் ஓங்கி நிற்கும் பழமலைநாதர் திருக்கோயில். மற்றொன்று, வெண்களிமண் குவியல்களும் பீங்கான் சூளைகளும் நிறைந்த தொழிற்பேட்டை. பழைமையும் புதுமையும் ஓரூரில் அடுத்தடுத்து வாழ்கின்றன.

அக்கோயிலின் தலமரம் வன்னி. அம்மரத்தைப் பற்றி அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. விபசித்து என்னும் முனிவர் கோயில் திருப்பணியை மேற்கொண்டார். அவரிடம் பொருள் இல்லை. மாலைதோறும் வன்னி மரத்தின் இலைகளை உருவி வேலையாட்களுக்குக் கூலியாகக் கொடுத்தார். அவரவர் உழைத்த அளவுக்கு அவ்விலைகள் பொன்னாக மாறின; உழையாதார் கையில் இலை இலையாகவே இருந்தது. கதை கதையாகவே இருக்கட்டும். ஆயினும் மரத்தையும் மண்ணையும் உழைப்பையும் ஒன்றாகப் பிணைத்த இக்கருத்தை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்காக வெட்டிப் பாழ்பட்ட நிலத்தை மரங்களைக்கொண்டு மீட்கும் முயற்சியின் வரலாறே இன்று நாம் காணப்போகும் பொருள். அவ்வரலாற்றின் முடிவில் இந்த வன்னி மரத்தடிக்கே நாம் திரும்பி வருவோம்.

விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் மின்கம்பிகளுக்கான காப்புப் பொருள்களும் செய்கின்றார்கள். பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. இத்தொழில் அவ்வூரில் வேரூன்றியதற்குக் காரணம், வேண்டிய மண் அருகிலேயே கிடைத்ததுதான். கிழக்கே சற்றேறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்வேலி இருக்கிறது. அங்கே நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அக்கரியின்மேல் படிந்துள்ள அடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண்ணும் கிடக்கிறது. கரிக்காகத் தோண்டும்போது களிமண்ணும் வெளிவருகிறது. நம் வீட்டில் எரியும் விளக்குக்கு மின்சாரமும், மின்கம்பியைத் தாங்கும் பீங்கானும் ஒரே குழியிலிருந்து பிறந்தவையாக இருக்கக்கூடும். ஆகவே அக்குழியின் கதை நம் அனைவரின் கதையாகும்.

1934ஆம் ஆண்டையொட்டி ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் நெய்வேலிப் பகுதியில் தம் நிலத்திலே கிணறு தோண்டினார். நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. பின்னர் 1940களில் இந்திய நில இயல் ஆய்வுத் துறையினர் துளையிட்டு ஆராய்ந்து, அக்கரி பரந்து கிடப்பதை உறுதி செய்தனர். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலத்தடியில் கடும் அழுத்தத்தோடு நின்ற ஊற்றுநீர் பெருந்தடையாக எதிர்ப்பட்டது. அதனை ஓயாது இறைத்து அடக்கி, 1961 ஆகஸ்டில் கரிப்படுகையைக் கண்டனர். 1962இல் சோவியத்து நாட்டின் துணையோடு அமைந்த அனல் நிலையம் மின்சாரம் தந்தது. நிலக்கரி இல்லாத தமிழ்நாட்டுக்கு அது புதிய வாழ்வாயிற்று. தமிழகத்தின் ஆலைகளும் உழவர்களின் நீரிறைக்கும் பொறிகளும் அதனால் இயங்கின. இந்நன்மையை மறந்து பேசுதல் நன்றியன்று.

ஆனால் நன்மைக்கு விலை உண்டு. கரி மேலே கிடக்கவில்லை. 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை ஆழத்தில் கிடந்தது. ஒரு டன் கரி எடுப்பதற்கு ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணையும் மணற்கல்லையும் அகற்ற வேண்டியிருந்தது. ஒரு பெரும் சக்கரத்தின் விளிம்பில் வாளிகளைப் பொருத்திய வெட்டுப்பொறிகள் இதற்காக ஜெர்மனியிலிருந்து வந்தன. அவை இரவும் பகலும் நிலத்தைச் சுரண்டின. சுரண்டிய மண் மலைபோல் குவிந்தது.

இங்கே மாணவர்கள் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். கரிக்கு மேலே உள்ள அனைத்தையும் சுரங்கத்தார் 'மேல்மண்' என்பர். 100 மீட்டர் கனமுள்ள மணற்கல்லும் களிமண்ணும் அவர்களுக்கு மேல்மண்ணே. உழவர் 'மேல்மண்' என்பதோ முற்றிலும் வேறு. ஏர் கிளறும் ஒரு சாண், இரு சாண் ஆழத்து மண்ணையே அவர் அச்சொல்லால் குறிப்பார். இலை மக்கி, வேர் அழுகி, மண்புழு குடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடி கோடியாக வாழ்ந்து, பன்னூறு ஆண்டுகளாக உருவானது அது. பொறியின் வாளி இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது. ஒரு சாண் உயிர்மண் 100 மீட்டர் உயிரற்ற மண்ணோடு கலந்து போயிற்று. ஆழத்தில் கிடந்தது மேட்டின் உச்சிக்கு வந்தது. உச்சியில் இருந்தது அடியில் புதைந்தது. நிலத்தைத் தலைகீழாகப் புரட்டியதற்கு இது ஒப்பாகும்.

இத்தகைய மேட்டில் விதை விழுந்தாலும் முளைப்பதில்லை, முளைத்தாலும் நிலைப்பதில்லை. மக்கிய பொருள் அங்கே இல்லை. பயிருக்கு உயிரான நைட்ரஜன் சத்து இல்லை. மழைக்காலத்தில் சரிவு அரித்து ஓடுகிறது; கோடையில் களிமண் பாறைபோல் இறுகுகிறது. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, பாலையை இயல்பான தனி நிலமாகக் கருதவில்லை. வேறு நிலங்கள் தம் வளத்தை இழந்து நிற்கும் நிலையையே பாலை என்றனர். இது ஆழ்ந்த கருத்து. இழந்ததனால் வந்த நிலையாயின், இழந்ததை மீட்டால் அந்நிலை நீங்கும் அன்றோ? ஆனால் இழந்தது எது என்பதை முதலில் அறிய வேண்டும்.

அதனை உலகுக்கு அறிவித்தவை வடபுலத்துக் குளிர்நாடுகள். அந்நாட்டு மரங்களுள் ஆல்டர் என்பது ஒன்று. பனியையும் ஈரத்தையும் ஏழை மண்ணையும் பொறுத்து வளரும் எளிய மரம் அது. அதன் வேர்களில் சிறு முடிச்சுகள் இருப்பதை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் வோரோனின், அவற்றினுள் நுண்ணுயிர் வாழ்வதை 1866இல் கண்டார். பிற்காலத்தார் அதற்கு ஃபிராங்கியா என்று பெயரிட்டனர். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்கித் தருவது அதன் தொழில். மரம் அதற்கு மாவுச்சத்தை ஈடாகக் கொடுக்கிறது. இலை உதிர்ந்து மக்கும்போது அச்சத்து மண்ணையும் அடைகிறது. வேரிலிருந்து அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்ப்பது எளிதாக இல்லை. 1978இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் அதில் வெற்றி கண்டனர்.

இயற்கை தானே இம்மரத்தை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதற்கு அலாஸ்காவில் ஒரு சான்று உண்டு. அங்கே கிளேசியர் வளைகுடாவில் பனிப்பாறைகள் பின்வாங்கி, வெறுங்கல்லும் மணலுமாக நிலம் வெளிப்பட்டது. வில்லியம் கூப்பர் என்னும் தாவரவியலார் 1916 முதல் அந்நிலத்தில் அடையாளமிட்ட இடங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி வந்தார். முதலில் பாசியும் சிறு செடிகளும் வந்தன. அடுத்து ஆல்டர் புதர்கள் வந்தன. பின்னர் ஸ்ப்ரூஸ் என்னும் நெடுமரங்கள் எழுந்தன. அந்நெடுமரங்களின் நிழலில் ஆல்டர் மறைந்தது. முன்னே வந்த மரம் பின்னே வருவதற்கு மண்ணைப் பண்படுத்திக் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டது. இம்முறைமையை மனிதன் கண்டுகொண்டு சுரங்க நிலத்தில் கையாளத் தொடங்கினான்.

நெய்வேலிக்கு வெட்டுப்பொறி தந்த ஜெர்மனியும் பழுப்பு நிலக்கரி நாடே. அதன் கிழக்கில் உள்ள லௌசிட்ஸ் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் சுரங்கத்துக்கு இரையாயின. அங்கே கரியை ஒட்டிய மண்ணில் கந்தகம் கலந்த இரும்புத்தாது இருந்தது. அது காற்றும் நீரும் பட்டவுடன் புளித்து அமிலமாயிற்று, புல்லும் முளைக்கவில்லை. சுண்ணாம்பையும் அனல் நிலையத்துச் சாம்பலையும் மண்ணில் ஆழக் கலந்து அப்புளிப்பை முறித்த பின்னரே ஆல்டர், பிர்ச், பைன் முதலிய மரங்கள் வேர்விட்டன. அந்நாட்டின் மேற்கே ரைன்லாந்தில் மற்றொரு வழி கண்டனர். அங்கே வண்டல் போன்ற வளமான மண்ணைத் தனியே எடுத்துவைத்து, குழியை நிரப்பிய பிறகு மேலே பரப்பினர். உழவுக்கென ஒதுக்கிய நிலத்தில் முதலில் குதிரைமசாலைப் பயிரிட்டுச் சில ஆண்டுகள் பண்படுத்தினர். அதன் பின்னரே உழவரிடம் நிலத்தை ஒப்படைத்தனர். மரமும் பயிரும் பின்னே வந்தவை; மண்ணைக் காத்ததே முதற்செயல்.

விருத்தாசலத்தார்க்கு மிகவும் நெருங்கிய பாடம் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருக்கிறது. அதுவும் பீங்கான் மண் நாடு. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் குக்வொர்தி அங்கே வெண்களிமண்ணைக் கண்டறிந்தார். ஒரு டன் களிமண் எடுத்தால் ஏறத்தாழ 9 டன் கழிவு மணல் மிஞ்சியது. அக்கழிவு செயின்ட் ஆஸ்டெல் நகரைச் சுற்றி வெண்மலைகளாக எழுந்தது. லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்துப் பிராட்ஷா என்னும் பேரறிஞரும் அவர் மாணவர்களும் 1970களில் அம்மலைகளை ஆராய்ந்தனர். புல்லை விதைத்து உரமிட்டால் பசுமை தோன்றியது; உரம் நின்றவுடன் பசுமையும் நின்றது. ஏனெனில், நிலம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள ஒரு ஹெக்டேர் மண்ணில் சுமார் 1000 கிலோகிராம் நைட்ரஜன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் கண்டனர். அவ்வளவையும் மூட்டை உரத்தால் ஊட்டுதல் இயலாது. வேர்முடிச்சுள்ள செடிகளே அதனைச் சேமிக்க வல்லவை. மரலூபின் என்னும் புதர்ச்செடி அவ்வெண்மணலில் செழித்து, மண்ணில் அச்சத்தைச் சேர்ப்பதை அளந்து காட்டினர். 1979இல் வெளிவந்த அவ்வாய்வுக் கட்டுரையின் ஆசிரியர் மூவருள் முதலாமவர் பெயர் பழனியப்பன் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2001இல் கார்ன்வாலின் கைவிடப்பட்ட களிமண் குழி ஒன்றில் ஈடன் என்னும் பெருந்தோட்டம் திறக்கப்பட்டது. அதற்கு வேண்டிய மண் 85,000 டன்; களிமண் கழிவையும் மக்கிய மரப்பட்டையையும் கலந்து அம்மண்ணை மனிதரே உண்டாக்கினர்.

இவற்றைக் கேட்டவுடன், 'ஆல்டரையும் லூபினையும் இங்கே கொண்டுவந்து நட்டால் என்ன?' என்று ஒருவர் வினவலாம். பனிநாட்டு மரம் நம் கோடையில் கருகிவிடும். நாம் பெற வேண்டியது மரத்தை அன்று, முறைமையை. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் வன்மரங்களை நாட வேண்டுமாயின், நம் நாட்டின் வடபுலத்தை நோக்க வேண்டும். அது ராஜஸ்தானத்துத் தார்ப் பாலை.

அப்பாலையின் தலையாய மரம் கேஜ்ரி. அது யாது? விருத்தாசலம் கோயிலில் நிற்கும் நம் வன்னியேதான். நீரைத் தேடி அதன் வேர் மிக ஆழம் செல்லும். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நுண்ணுயிர் அதன் வேரிலும் உண்டு. அதன் நிழலில் கம்பு நன்கு விளையும் என்று அந்நாட்டு உழவர் மரத்தை வெட்டாமல் வயலிலேயே விட்டுவைப்பர். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. காய் மக்களுக்குக் கறி. 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அரண்மனைக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு வேண்டியிருந்தது. கேஜர்லி என்னும் சிற்றூரில் இம்மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தனர். விஷ்ணோய் மரபினரான அமிர்தா தேவி மரத்தைத் தழுவி நின்று உயிர் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து மடிந்தவர் தொகை 363 என்பர். சூளைக்கு விறகா, மண்ணுக்கு மரமா என்ற வினா அன்றே உயிர் கொடுத்துக் கேட்கப்பட்ட வினா. 1983இல் அம்மரம் ராஜஸ்தானின் மாநில மரமாயிற்று.

1952இல் ஜோத்பூரில் பாலைக் காடுவளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1959இல் அது மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனத்தார் சுண்ணாம்புக்கல்லும் ஜிப்சமும் எடுத்த சுரங்க நிலங்களில் மரம் வளர்க்க முயன்றனர். அவர்கள் கண்ட உண்மை இது: வன்மரம் மட்டும் போதாது. சரிவைத் தணித்து, பிறைவடிவக் கரைகளிட்டு, பெய்யும் சிறு மழையையும் கன்றின் அடியில் தேக்கி, தொழு உரம் இட்டால்தான் அவ்வன்மரமும் பிழைக்கும். மரத்தின் வலிமைக்கு மனிதனின் உழைப்புத் துணை நிற்க வேண்டும். நெய்வேலி நிறுவனமும் பின்னாளில் ராஜஸ்தானத்தின் பிகானேர் மாவட்டத்துப் பர்சிங்சரில் கரி தோண்டச் சென்றது. வன்னியின் நாட்டுக்கு நெய்வேலியே சென்று சேர்ந்தது எனலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தாவரநூலார் நெடுங்காலம் வன்னியோடு ஒரே இனத்தில் வைத்து எண்ணிய மற்றொரு மரமும் உண்டு. அது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைச் சார்ந்த அதன் விதை 1877ஆம் ஆண்டையொட்டி இந்தியாவுக்கு வந்தது. எந்த மண்ணிலும் வளரும், விறகு தரும் என்று அதனைப் போற்றினர். ஜோத்பூர் அரசு 1940இல் அதற்கு அரச மரியாதையே அளித்தது. நடந்தது என்ன? அது கண்மாய்களையும் புறம்போக்குகளையும் வளைத்துக்கொண்டது. வேறு செடிகளுக்கு இடம் விடவில்லை. அதனைப் போன்ற அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வகுக்க நேர்ந்தது. வன்னியும் வன்மரம், சீமைக் கருவேலமும் வன்மரம். ஒன்றன் நிழலில் பயிர் விளைகிறது. மற்றொன்றன் நிழலில் புல்லும் அருகுகிறது. மரத்தைத் தேர்வோர், அது பிழைக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. அது பிறவற்றைப் பிழைக்க விடுமா என்றும் கேட்க வேண்டும்.

இனி நம் கடலூர் மாவட்டத்துக்குத் திரும்புவோம். வடநாட்டு ஆல்டருக்கு இணையான மரம் நம்மிடம் இல்லையா? உண்டு. கடற்கரை ஊர்களில் நாம் நாள்தோறும் காணும் சவுக்குதான் அது. சவுக்கின் வேரைத் தோண்டிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றினுள் வாழ்வது ஆல்டரின் வேரில் வாழும் அதே ஃபிராங்கியா வகை நுண்ணுயிரே. பனிநாட்டு மரமும் வெப்பநாட்டு மரமும் ஒரே தோழனோடு கூடி வறண்ட மண்ணை வளமாக்குகின்றன. அடுத்தது முந்திரி. பிரேசில் நாட்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம் அது. இன்று பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளின் செம்மண் மேடுகளில் உழவரின் உறுதுணையாய் நிற்கிறது. விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1981இல் வி.ஆர்.ஐ. 1, 1985இல் வி.ஆர்.ஐ. 2, 1991இல் வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி வகைகளை வெளியிட்டு ஊரின் பெயரை வயல்தோறும் கொண்டுசென்றது.

நெய்வேலியில் கரி எடுத்து முடித்த குழிகளை மண்ணால் நிரப்பிச் சமன்செய்து மரம் நட்டு வருகின்றனர். தைலமரமும் முந்திரியும் சவுக்கும் வேம்பும் அங்கே காட்சி தருகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரோடு கூடி, தொழு உரமும் பசுந்தாள் உரமும் நுண்ணுயிர் உரமும் இட்டு, நிரப்பிய நிலத்தில் பயிர் விளைவிக்கும் சோதனைகளும் நடைபெற்றன. இவை பாராட்டுக்குரியவை. ஆயினும் நட்ட மரங்களை எண்ணுவது எளிது. உண்டான மண்ணை அளப்பது அரிது. சவுக்கை நட்டுச் சில ஆண்டுகளில் வெட்டி விற்றுவிட்டால், அது சேர்த்த சத்தில் பெரும்பங்கு வண்டியேறிச் சென்றுவிடும். முன்னோடி மரத்துக்குப் பின்னே வேம்பும் புங்கமும் நாவலும் இலுப்பையும் வர வேண்டும். அவை வரும்போதுதான் காடு என்ற பெயர் பொருந்தும்.

இது கனவன்று என்பதற்கு அதே கடலூர் மணற்கல் பரவியுள்ள மேட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் ஆரோவில் தொடங்கியபோது, அம்மேடு மழையால் அரிபட்டு, ஓடைப் பள்ளங்கள் கீறிக் கிடந்த செம்மண் வெளி. அங்கே குடியேறியோர் முதலில் வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தினர். பிறகு ஆஸ்திரேலிய நாட்டு அகேசியா வகை ஒன்றை நட்டனர். விரைந்து வளர்ந்து நிழலும் இலைச்சருகும் தந்த அதனை 'வேலைக்கார மரம்' என்றே அழைத்தனர். அதன் நிழலில் நம் கடற்கரைக்கே உரிய பசுமை மாறா உலர்காட்டு மரங்களை வளர்த்தனர். வேலைக்கார மரம் தன் வேலையை முடித்து ஒதுங்க, நாட்டு மரங்கள் எழுந்தன. அலாஸ்காவில் இயற்கை கற்பித்த பாடம் நம் வீட்டு வாயிலிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஒரே வகை மரத்தை நம்பியிருத்தல் தீங்கு என்பதையும் இம்மாவட்டம் கண்டது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் வீசியபோது, முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. பல்லாண்டு உழைப்பு ஓரிரவில் வீழ்ந்தது.

மரத்தால் ஆவதைக் கூறினோம். ஆகாததையும் கூறுதல் கடமை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்டும்பொருட்டு, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் பொறிகள் ஓடின. நிலத்துக்கு முன்பே விலை தரப்பட்டது என்றது ஒருபக்கம். கையிலிருந்த பயிரை அறுக்கவும் பொறுக்கவில்லையே என்று அழுதது மறுபக்கம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. நாடே அக்காட்சியைக் கண்டு வருந்தியது. பின்னொரு நாள் அங்கே ஆயிரம் மரங்கள் நடப்படலாம். ஆனால் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் தலைமுறை தலைமுறையாகச் சேறடித்துப் பண்பட்ட வயலுக்குச் சவுக்குத் தோப்பு ஈடாகாது. மரம் நடுதல் வெட்டுவதற்கான உரிமைச்சீட்டு அன்று. வெட்டியதற்கான கடன் தீர்க்கும் முயற்சி. அதுவும் முழுக்கடனைத் தீர்ப்பதில்லை.

இதனை உணர்ந்த நாடுகள் சட்டம் வகுத்தன. அமெரிக்க நாடு 1977இல் இயற்றிய சட்டம், சுரங்கம் தோண்டுமுன் உழவனின் மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காத்துவைக்க வேண்டும் என்றும், முன்பு எதற்குப் பயன்பட்டதோ அதற்குப் பயன்படும் நிலைக்கு நிலத்தைத் திருப்ப வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டிலும் 2009இல் நிலக்கரி அமைச்சகம் நெறிமுறை வகுத்தது. சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்னதாகவே வரைந்து, அதற்குரிய பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அந்த ஒரு சாண் மண்ணைப் பொறி தொடுமுன் யாரேனும் ஒருவர் நின்று, 'இது வேறு, அது வேறு' என்று பிரித்து வைக்க வேண்டும். அதுவே முழு வரலாற்றின் சாரம். லௌசிட்ஸ் அதனைப் பெரும்பாடுபட்டுக் கற்றது. கார்ன்வால் மண்ணையே புதிதாகச் செய்யும் நிலைக்கு வந்து கற்றது. நாம் இவ்விரண்டையும் பார்த்துக் கற்கலாம். பட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை பொறியியலாளராகிச் சுரங்கத்தில் பணிபுரிவீர்கள். சிலர் வேளாண்மை கற்பீர்கள். சிலர் விருத்தாசலத்துச் சூளையில் களிமண்ணுக்கு உருவம் கொடுப்பீர்கள். எல்லாரும் இரவில் மின்விளக்கேற்றிப் படிப்பீர்கள். அவ்வொளியில் ஒரு பங்கு ஏதோ ஓர் உழவனின் வயலிலிருந்து வந்தது என்பதை மறவாதீர்கள். வாய்ப்பு நேரும்போது ஒரு சவுக்கங்கன்றைப் பிடுங்கி அதன் வேர்முடிச்சைப் பாருங்கள். புரட்டிய மேட்டில் ஒரு கைப்பிடி மண்ணையும், பக்கத்து வயலில் ஒரு கைப்பிடி மண்ணையும் எடுத்து முகர்ந்து பாருங்கள். நூல் கற்பிக்காத வேறுபாட்டை மூக்கு கற்பிக்கும்.

தொடக்கத்தில் கூறிய கதைக்கு வருவோம். விபசித்து முனிவர் தந்த வன்னி இலை எல்லார் கையிலும் பொன்னாகவில்லை. உழைத்தவன் கையில் மட்டும், உழைத்த அளவுக்கு மட்டும் பொன்னாயிற்று. வெட்டிய நிலமும் அவ்வாறே கூலி தருகிறது. பெயரளவில் ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு செல்வோர்க்கு அது வெறும் இலையையே காட்டும். மண்ணைக் காத்து, நீரைத் தேக்கி, முன்னோடி மரத்தை வளர்த்து, அதன் நிழலில் அடுத்த மரத்தையும் வளர்க்கும் பொறுமை உடையார்க்கு அது மீண்டும் விளையும். அப்பொறுமைக்கு ஒரு தலைமுறை போதாது. ஆகவேதான் இதனை உங்களிடம் கூறினேன்.